ஏப்ரல் விளக்குகளும் மாஃபாத் மலையும்

காரைக்காலிலிருந்து வேலைக்காக, இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் தலைநகர் சேன் தெனிக்கு வந்திருக்கும் ஒரு தம்பி கேட்டிருந்தார்: "என் அலுவலக நண்பர், இனிமேல் காட்டைக் காப்பாற்றப் போவது டிரோனும் சென்சாரும் செயற்கை நுண்ணறிவும்தான் என்கிறார். இங்கேயே பிறந்து வளர்ந்த மாமா, மலைக்குப் போகிறவன் கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டுப் போகட்டும், கருவி நுழைந்த இடத்தில் காடு நிற்காது என்கிறார். மலைக்கு நடுவே மாஃபாத்தில் குடியிருப்பவர்களோ இன்னும் நல்ல நெட்வொர்க் வேண்டும் என்கிறார்கள். யார் சொல்வது சரி? நான் ஒருத்தன் என் பழக்கத்தை மாற்றிக்கொண்டால் ஏதாவது ஆகுமா? என் பிள்ளைகள் காலத்தில் இந்தத் தீவில் காடு என்று ஏதாவது மிஞ்சுமா?"

தம்பி, மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. நான் தீவின் கிழக்குப் பக்கத்தில் 26 வருடம் பள்ளியில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவன். மலைக்குப் போவதும் ஏறத்தாழ அத்தனை வருடப் பழக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் நண்பரும் மாமாவும் கருவியைப் பிடித்துக்கொண்டு வாதாடுகிறார்கள். கருவி கைக்கு வந்த பிறகு நமக்கு ஒட்டிக்கொள்ளும் பழக்கத்தைத்தான் நான் பார்க்கச் சொல்வேன். அந்தப் பழக்கத்தில் பாதிக்கு மேல் மலையில் நடப்பதே இல்லை. கீழே கடற்கரை ஊர்களில், நம் வீட்டு வாசலில், நம் கோயில் கோபுரத்தில் நடக்கிறது. ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வரவேண்டும்.

இங்கே காடு என்று எதைச் சொல்கிறோம்? தீவின் மொத்தப் பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர். அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் சற்று அதிகமான இடம், அதாவது ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல், 2007-இல் அமைந்த தேசியப் பூங்காவின் மையப் பகுதி. 2010-இல் யுனெஸ்கோ இந்த மலைகளையும் பள்ளங்களையும் செங்குத்துச் சுவர்களையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களில் பெரும்பாலோர் கடலோரத்தில் வரிசையாக நெருங்கி வாழ்கிறோம். நடுவில் 3,071 மீட்டர் உயரத்தில் பித்தோன் தே நேஜ் சிகரம் நிற்கிறது. நம் சமையலறை ஜன்னலுக்கும் அந்தச் சிகரத்துக்கும் நடுவில் காகம் பறக்கும் தூரம் இருபது முப்பது கிலோமீட்டர்தான். இந்தத் தூரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மாஃபாத், சலாசி, சிலாவோஸ் மூன்றும் பித்தோன் தே நேஜ் என்ற அந்தப் பழைய எரிமலையைச் சுற்றிக் குழிந்து போன பெரிய கிண்ணங்கள். சலாசிக்கும் சிலாவோஸுக்கும் சாலை உண்டு. மாஃபாத்துக்கு இன்றுவரை சாலை கிடையாது. லா நூவெல், மர்லா, ரோஷ் ப்லாத், ஓரேர் என்று சிறு சிறு மேட்டுக் குடியிருப்புகளில் சில நூறு பேர் வாழ்கிறார்கள். நடந்து போகவேண்டும், இல்லாவிட்டால் ஹெலிகாப்டர். இங்கே வருகிற பலர் இதைப் பார்த்து "மனிதன் தொடாத இடம்" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். அது தவறு. மாஃபாத் என்பதே தோட்டத்து அடிமை வாழ்க்கையிலிருந்து தப்பி மலையேறிய, மடகாஸ்கரைச் சேர்ந்த ஒரு தலைவரின் பெயர். பிடித்து வர அனுப்பப்பட்டவர்கள் துப்பாக்கியோடு அவர்களைத் துரத்திய இடம் இது. அப்புறம் நிலமில்லாத ஏழை வெள்ளையர்கள் ஏறினார்கள், மரம் வெட்டி விதைத்தார்கள், சரிவுகள் மண்ணரித்தன, அரசு வனத்துறை வந்தது. கந்தக ஊற்றில் குளிக்க சீமான்கள் வந்து தங்கிய ஊர்கூட ஒன்று உள்ளே இருந்தது, 1913-இல் மலை சரிந்து அதை மூடியது. ஆக, இது ஆளில்லாத காடாக இருந்ததே இல்லை. சாலை இல்லாத காடு, அவ்வளவுதான்.

நமக்கு இது புதிதாகவும் படக்கூடாது. குறிஞ்சி என்று நம் முன்னோர் சொன்னபோது வெறும் மலையையா நினைத்தார்கள்? தினை விதைக்கிறவர், தேன் எடுக்கிறவர், பரண்மேல் உட்கார்ந்து கிளி ஓட்டுகிற பெண், எல்லாரும் சேர்ந்ததுதான் குறிஞ்சி. அங்கே மனிதர் இருந்தார்கள், ஆனால் இடத்துக்கு ஏற்ற அளவில் இருந்தார்கள். நான் காடு என்று சொல்வது அந்தப் பொருளில்தான்.

மாஃபாத்துக்காரர்கள் நெட்வொர்க் கேட்கிறார்களே என்று வருத்தப்படுகிற நகரத்து மனிதர்களிடம் எனக்குச் சம்மதம் இல்லை. லா நூவெலில் தங்கும் விடுதி நடத்துகிற ஓர் அம்மாவிடம் ஒருமுறை, நடுநிசியில் எங்கோ டிவி சத்தம் கேட்டது என்று குறைப்பட்டுக்கொண்டேன். அவர் கோபப்படாமல் சொன்னார்: "நீங்கள் இரண்டு ராத்திரி அமைதி தேடி வருகிறீர்கள், சார். நான் 52 வருடமாக இங்கே இருக்கிறேன். எனக்கு அமைதி நிறைய இருக்கிறது. என் பேரனுக்குக் காய்ச்சல் என்றால் கூப்பிட ஒரு போன்தான் வேண்டும்." அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. 1951 முதல் 1991 வரை 40 வருடம் இவ்ரேன் போசே என்ற தபால்காரர் முதுகில் பையோடு இந்தக் குடியிருப்புகளுக்கெல்லாம் நடந்தே கடிதம் கொண்டுபோனார். இன்று அவரைப் போற்றுகிறோம், போற்றவும் வேண்டும். ஆனால் அவருடைய முழங்கால் தேய்ந்ததை நம்முடைய அழகுக் காட்சியாக்கி, இன்னொருத்தரும் அப்படியே தேயட்டும் என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

மின்சாரத்தையும் பாருங்கள். மாஃபாத்துக்கு மின்கம்பி போகவில்லை. வீட்டுக்கு வீடு சூரியத் தகடு. லா நூவெலில் சூரிய மின்சாரத்தை பேட்டரியிலும் ஹைட்ரஜனாகவும் சேமிக்கும் ஒரு சிறு மின்தொகுப்பையும் சோதித்துப் பார்த்தார்கள். இரைச்சலிடும் டீசல் ஜெனரேட்டரும், அதற்கு எண்ணெய் சுமக்கும் ஹெலிகாப்டரும் குறைய அது ஒரு வழி. புதிய கருவியே காட்டின் பாரத்தைக் குறைக்கிற இடம் இது. இதை உங்கள் மாமாவிடம் சொல்லுங்கள், அவர் மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

ஹெலிகாப்டர் இன்னொரு நல்ல உதாரணம். ஒரே இயந்திரம்தான். காஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, சிமெண்ட் கொண்டுவருகிறது, குப்பையைக் கட்டி வெளியே கொண்டுபோகிறது, கால் முறிந்தவரைத் தூக்கிக்கொண்டு போகிறது. அதே இயந்திரம் காலையில் மேகம் ஏறுவதற்குள் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு கிண்ணத்துக்குள் சுற்றுகிறது. மூன்று பக்கமும் ஆயிரம் மீட்டர் பாறைச் சுவர் இருக்கும்போது அந்தச் சத்தம் எங்கே போகும்? சுவரில் மோதி மோதித் திரும்பி வரும். நடந்து வந்தவன் நின்று வானத்தைப் பார்ப்பான், தோட்டத்தில் கொத்துகிறவன் பேச்சை நிறுத்துவான். சிலிண்டர் ஹெலிகாப்டரைப் பற்றி அங்கே யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. பார்வை ஹெலிகாப்டரைப் பற்றிக் குறை சொல்லாதவரையும் பார்த்ததில்லை. இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் "ஹெலிகாப்டர் நல்லதா கெட்டதா" என்று வாதாடுவதில்தான் நாம் வழி தவறுகிறோம்.

சரி, இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தத் தீவில் தாய்-வான் என்று இங்குள்ள பேச்சுமொழியான கிரியோலில் கூப்பிடப்படும் ஒரு கடற்பறவை உண்டு. காற்றை வெட்டுவது என்று பொருள். 1964-இல்தான் அறிவியல் உலகம் இதற்குப் பெயர் வைத்தது, தீவின் வேளாண் பொறியாளரும் பறவை ஆர்வலருமான அர்மான் பரோவின் நினைவாக பரோ பெட்ரல் என்று. உலகத்தில் ஏறத்தாழ இங்கே மட்டும்தான் குஞ்சு பொரிக்கிறது. வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை. பித்தோன் தே நேஜ், கிரான் பெனார் பக்கத்துச் செங்குத்துகளில், 2,000 மீட்டருக்கு மேலே மண்ணில் வளை தோண்டி அங்கே வளர்க்கிறது. கூடுகள் இருக்கும் இடத்தை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்ததே 1995-இல்தான். எந்தச் சாலையும் அங்கே போகாது. காடு என்ற சொல்லுக்கு இதைவிடத் தகுதியான இடம் தீவில் கிடையாது.

ஏப்ரல் மாதத்தில் குஞ்சுகள் வளையை விட்டு வெளியே வருகின்றன. இருட்டிய பிறகு, முதல் தடவை, தாய் தகப்பன் துணையில்லாமல் மலையிலிருந்து கடலுக்குப் பறக்கவேண்டும். இரவில் கடல்பக்கம்தான் வெளிச்சம் அதிகம், நிலாவும் நட்சத்திரமும் நீரில் மின்னும். அந்த வெளிச்சத்தை நோக்கிப் போகும் இயல்பு இவற்றுக்கு இருப்பதாகக் கருதுகிறார்கள். லட்சக்கணக்கான வருடம் அது சரியான வழிகாட்டி. இன்று மலைக்கும் கடலுக்கும் நடுவில் நாம் இருக்கிறோம். தெருவிளக்கு, மைதான விளக்கு, துறைமுகம், கடை வாசல், வீட்டு மாடி. குஞ்சு சுற்றிச் சுற்றி வந்து களைத்துத் தரையில் விழுகிறது. கால் உடம்பின் பின்பக்கத்தில் இருப்பதால் சமதரையிலிருந்து மேலெழும்ப அதனால் முடியாது. பூனை வரும், நாய் வரும், கார் வரும். 1996 முதல் 1999 வரை நான்கு வருடம் எண்ணிப் பார்த்ததில், இப்படி வெளிச்சத்தால் விழுந்த கடற்பறவைகள் 2,300-க்கும் மேல். யாரோ கண்டு எடுத்துக் கொடுத்தவை மட்டும்தான் இந்தக் கணக்கு.

நான் முதல்முதலில் இந்தப் பறவையைத் தொட்டது பள்ளி விளையாட்டுத் திடலில். காலையில் ஒரு பையன் தன் சட்டையைக் கழற்றி அதில் சுற்றிக் கொண்டுவந்தான். கறுப்பு மூக்கு, வெள்ளை நெற்றி, உள்ளங்கையில் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டதை இன்னும் என்னால் உணர முடிகிறது. முந்தின நாள்தான் அந்த வகுப்புக்கு, மலை உச்சியில் மனித நடமாட்டமே இல்லாத இடத்தில் வாழும் பறவை என்று இதைப் பற்றிப் பாடம் எடுத்திருந்தேன். அந்தப் பையன் கேட்டான்: "மனிதன் போகாத இடத்தில் இருக்கும் பறவைக்கு மனிதனால் என்ன ஆபத்து, சார்?" மேலே பார்த்தேன். இரவு முழுக்க எரிந்த திடல் விளக்கு, பகல் ஏழு மணிக்கும் எரிந்துகொண்டிருந்தது.

ஏப்ரல் 14 நமக்கு என்ன நாள்? சித்திரைப் பிறப்பு. இந்தத் தீவில் தமிழ்ப் புத்தாண்டை எவ்வளவு சிறப்பாகக் கொண்டாடுகிறோம் என்பதை நீங்கள் இந்த வருடம் பார்ப்பீர்கள். மொழி பாதிக்கு மேல் போய்விட்ட இடத்தில் பண்டிகைதான் நம்மைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், கிரியோல் பேசிக்கொண்டே காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள், வாழை இலையில் சாப்பிடுகிறார்கள். அதனால் பண்டிகை விளக்கைக் குறைக்கச் சொல்வது இங்கே லேசான பேச்சு அல்ல. எங்கள் கோயிலில் கோபுரத்தின் மேல் கீழிருந்து அடிக்கும் நான்கு பெரிய விளக்கும், மதில் முழுக்கச் சரவிளக்கும் ஏப்ரல் மாதம் பூராவும் எரியும். நான் கூட்டத்தில் எழுந்து விஷயத்தைச் சொன்னேன்.

எதிர்ப்பு வந்தது, நியாயமான எதிர்ப்புதான். ஒரு இளைஞர் கேட்டார்: "துறைமுகம் எரிகிறது, பெரிய கடைகள் எரிகின்றன, சாலை முழுக்க எரிகிறது. முதலில் கைவைக்க நம் கோயில்தான் கிடைத்ததா? நம்மை எப்போதும் அணைக்கச் சொல்லியே பழகிவிட்டார்கள்." அந்தக் கடைசி வாக்கியத்தில் 150 வருட வலி இருந்தது. அதற்கு நான் பதில் சொல்லவில்லை, சொல்லவும் தெரியவில்லை. பேசியது எங்கள் கோயிலின் மூத்த பெரியவர் ஒருவர், தமிழ் எழுத்துக்கூட்டிப் படிப்பவர், பஞ்சாங்கம் நன்றாகப் பார்ப்பார். என்னிடம் இரண்டே கேள்வி கேட்டார். "பௌர்ணமியில் எத்தனை விழும், அமாவாசையில் எத்தனை விழும்?" பௌர்ணமியில் குறைவு, நிலவொளியில் நம் விளக்கு எடுபடாது, அமாவாசையை ஒட்டித்தான் அதிகம் என்றேன். "அகல் விளக்குக்குப் பறவை விழுமா?" விழாது என்றேன். "அப்படியானால் அகல் வை" என்றார்.

அன்றிலிருந்து கோபுரத்துக்குக் கீழிருந்து மேலே அடிக்கும் விளக்கு எங்கள் கோயிலில் ஏப்ரலில் கிடையாது. பிரகாரம் முழுக்க அகல். வெளிவாசலில் இரண்டே விளக்கு, மூடி போட்டு வெளிச்சம் தரையைப் பார்க்கும்படி. பெரியவர் வருடாவருடம் பஞ்சாங்கத்தைப் பார்த்து, இந்த வருடம் அமாவாசை எந்தத் தேதியில் வருகிறது, எந்த நாட்களில் இன்னும் கவனம் வேண்டும் என்று சீட்டில் எழுதி ஒட்டுவார். தேசியப் பூங்கா நடத்தும் வெளிச்சமில்லா இரவுகள் இயக்கத்தில் பல ஊர்கள் தெருவிளக்கை அணைக்கின்றன, மைதானங்களும் சேர்ந்துகொள்கின்றன. அதைச் சொன்னதும் அந்த இளைஞருக்கும் கொஞ்சம் மனம் இறங்கியது. இப்போது அகலுக்கு எண்ணெய் ஊற்றுகிறவர்களில் அவரும் ஒருவர்.

இதை இவ்வளவு நீளமாகச் சொல்லக் காரணம், உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது. ஒருத்தர் பழக்கம் மாறினால் என்ன ஆகும் என்றீர்கள். உலக வெப்பமயமாதல் மாதிரி விஷயத்தில் ஒருத்தர் பங்கு கடலில் கரைத்த பெருங்காயம்தான், கண்ணுக்குத் தெரியாது. இந்தத் தீவில் அப்படி இல்லை. ஒரு வீட்டு மாடி விளக்குக்கும் ஒரு பறவைக்கும் நேர்க்கோடு போடலாம். நீங்கள் அணைத்தால் ஒன்று கடல் போய்ச் சேரும். வருடத்துக்கு ஒரே முட்டை இடுகிற இனத்தில் ஒன்று என்பது சிறிய எண் கிடையாது.

இதே பறவைக்கு இன்னொரு எமன் பூனை. மலைச்சரிவு வீடுகளில் வளர்த்து அலுத்துப்போன பூனைகளைக் காட்டோரம் விட்டுவிடும் கெட்ட பழக்கம் இங்கே உண்டு. அவை காட்டுப்பூனையாகி உச்சிவரை ஏறி, வளையிலிருக்கும் பறவையைத் தின்கின்றன. பூனைக்குக் கருத்தடை செய்வதைவிடப் பெரிய காட்டுப் பாதுகாப்புத் தொழில்நுட்பம் ஒரு சாதாரணக் குடும்பத்தின் கையில் வேறு எதுவும் இல்லை என்று நான் நம்புகிறேன்.

உங்கள் நண்பர் பக்கத்தையும் நியாயமாகச் சொல்லவேண்டும். இந்தப் பறவைக்கு ஒரு தாயாதி உண்டு, பூர்போன் கறுப்பு பெட்ரல். உலகத்தில் இங்கே மட்டும்தான் கூடு கட்டுகிறது, மிக அரிதானது. இதன் கூடு எங்கே என்பதே பல காலம் யாருக்கும் தெரியாது. 2016-இல்தான் கண்டுபிடித்தார்கள். இரவில் குரலைப் பதிவு செய்யும் கருவிகளை மலையில் வைத்து, இருட்டில் பார்க்கும் கருவிகளைக் கொண்டு தேடி, கடைசியில் மனிதர்கள் கயிற்றில் தொங்கித்தான் அந்தப் பாறைச் சுவரை அடைந்தார்கள். கருவி இல்லாமல் நடந்திருக்காது. கயிற்றில் தொங்கத் துணிந்தவர் இல்லாமலும் நடந்திருக்காது. கூடு எங்கே என்று தெரிந்தால்தான் அங்கே எலியையும் பூனையையும் கட்டுப்படுத்த முடியும். இப்படிப்பட்ட வேலைக்கு நான் எந்தக் கருவிக்கும் கைதட்டுவேன்.

ஆனால் "தொழில்நுட்பம் காப்பாற்றும்" என்று மொட்டையாகச் சொல்லும்போது எனக்கு ஒரு பூச்சி நினைவுக்கு வரும். வீன்யு மாரோன் என்ற முள்கொடி தாழ்வான காடுகளைப் போர்வை மாதிரி மூடிக்கொண்டிருந்தது, வெளியிலிருந்து வந்த செடி. அதைத் தின்பதற்கென்று சுமத்ராவிலிருந்து சிப்தெலா என்ற நீலப் பூச்சியை வருடக்கணக்கில் சோதித்து, 2007 வாக்கில் விட்டார்கள். பூச்சி தன் வேலையைச் செய்தது, தாழ்வான பகுதிகளில் முள்கொடி காய்ந்து கருகியது. ஆனால் தேனீ வளர்ப்பவர்கள் கொதித்தார்கள். அந்தக் கொடியின் பூ அவர்களுடைய தேனீக்களுக்கு இரை, தேன் குறைந்துவிட்டது, எங்களைக் கேட்டீர்களா என்றார்கள். அறிவியல் பக்கம் தவறு என்று நான் சொல்லவில்லை. என் கருத்தில் அந்தப் பூச்சியால் காட்டுக்கு நன்மைதான். ஆனால் கொடி செத்த இடத்தில் நாட்டு மரம் தானாக முளைத்துவிடாது. யாராவது போய் நடவேண்டும், சுற்றிலும் களை பிடுங்கவேண்டும், வருடக்கணக்கில். அந்தக் கை வேலைக்கு ஆள் தேறாத இடங்களில் வேறொரு அந்நியச் செடி வந்து உட்கார்ந்துகொண்டது.

அந்நியச் செடி என்றதும் கொய்யாவியே என்ற செடி ஞாபகம் வருகிறது. ஜூன், ஜூலையில் சாலையோரம் கூடையில் விற்பார்களே, சின்னச் சிவப்புக் கொய்யா. எனக்கும் உயிர், என் மனைவி போடும் ஜாம் தெருவுக்கே தெரியும். அது இந்தக் காட்டை விழுங்குகிற செடிகளில் ஒன்று. பறித்துத் தின்னுங்கள், தாராளமாக. மலைப்பாதையில் நடந்துகொண்டே விதையைத் துப்பாதீர்கள். ஷூ அடியில் ஒட்டிய மண்ணை மலையேறும் முன் தட்டுங்கள். இதைப் படிப்பது சலிப்பாக இருக்கும், எனக்கும் சொல்லிச் சொல்லிச் சலித்திருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

அடுத்து நெருப்பு. ஞாயிற்றுக்கிழமை பிக்னிக் இந்தத் தீவின் உயிர். குடும்பம் முழுக்க அண்டா, குண்டா, விறகோடு மலைக்கு ஏறி, கறி சமைத்துச் சாப்பிட்டு இறங்கும். இதை விட்டுவிடச் சொல்லும் மனிதரோடு எனக்குப் பேச்சில்லை. ஆனால் தீவின் மேற்கு மலையில் மாய்தோ பக்கம் 2010 அக்டோபரில் ஏறத்தாழ 800 ஹெக்டேர் எரிந்ததையும், அடுத்த வருடமே 2,700 ஹெக்டேருக்கு மேல் எரிந்ததையும் பார்த்தவன் நான். அந்தப் புகை பல நாள் வானத்தில் நின்றது. எரிந்தவற்றில் தாமரேன் மரங்களும் உண்டு. பிரெஞ்சில் புளிக்கும் இதே பெயர்தான், அதைக் கேட்டுப் புளியமரம் என்று நினைக்காதீர்கள், அது வேல மர இனம், இந்த மலைக்கே உரியது. எரிந்த இடத்தில் முதலில் தலைகாட்டுவது மஞ்சள் பூ பூக்கும் ஐரோப்பிய முட்புதர். ஆகவே நெருப்பு மூட்ட ஒதுக்கிய அடுப்பு இருக்கும் இடத்தில் மட்டும் மூட்டுங்கள். வறண்ட மாதங்களில் வீட்டிலேயே சமைத்துக் கொண்டுபோங்கள். எங்கள் வீட்டில் அக்டோபர், நவம்பரில் புளியோதரையும் தயிர்சாதமும்தான். அதற்காகவே கண்டுபிடித்த மாதிரி இருக்கிறது அந்தச் சாப்பாடு.

கைப்பேசியைப் பற்றி மாமா சொன்னதற்கு வருகிறேன். வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். மலை மீட்புப் படையைக் கூப்பிட 112 வேண்டும். கிளம்பும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று வனத்துறையின் அறிவிப்பில் பார்க்கவேண்டும். 2025 பிப்ரவரி 28-இல் காரன்ஸ் புயல் அடித்த பிறகு எத்தனை பாதைகள் மூடிக் கிடந்தன என்று இங்கிருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் மாமா பயப்படுவது எதற்கு என்பது எனக்குப் புரிகிறது, ஏனென்றால் எனக்கே நடந்தது. சில வருடம் முன் சிலாவோஸிலிருந்து தைபித் கணவாய் வழியாக மர்லாவுக்குத் தனியாகப் போனேன். கணவாய் 2,000 மீட்டருக்கு மேல். வரைபடம் கைப்பேசியில் இருக்கிறதே என்ற தைரியத்தில் காலை ஒன்பது மணிக்கு மேல்தான் கிளம்பினேன். வழியெல்லாம் வீடியோ எடுத்தேன். மதியத்துக்குள் மேகம் முழுக்க ஏறிவிட்டது, முன்னால் நீட்டிய கை தெரியவில்லை. பேட்டரி தீர்ந்தது. ஈரப் பாறையில் உட்கார்ந்திருந்தேன், பயமாக இருந்தது. முதுகில் மூட்டையோடு வந்த ஒரு மாஃபாத்துக்காரர் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எத்தனை மணிக்குக் கிளம்பினாய்?"

இந்த மலையை அறிந்தவர்கள் விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்குக் கிளம்புவார்கள், மேகம் ஏறுவதற்குள் கணவாயைத் தாண்டிவிடுவார்கள். இதை நானும் முன்பே அறிந்தவன்தான். பையில் வரைபடம் வந்த பிறகு, மேகத்தைப் பார்க்கும் பழக்கம் என்னிடமிருந்து மெல்லப் போயிருந்தது. மாமா கருவி என்று சொல்வது இதைத்தான் என்று நினைக்கிறேன். இப்போது கைப்பேசியை அணைத்துப் பையின் அடியில் வைக்கிறேன், காகித வரைபடம் ஒன்றும் உண்டு. படம் எடுத்தால் கீழே வந்த பிறகு யாருக்காவது காட்டுகிறேன், இடத்தின் பெயரைப் போட்டுப் பரப்புவதில்லை. ஓர் அருவியின் துல்லியமான இடம் பரவி, ஆறு மாதத்தில் அந்தப் பாதை சேறும் டிஷ்யூ காகிதமுமாக ஆனதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

கடைசியாக, பிள்ளைகள் காலத்தில் என்ன மிஞ்சும்? மாஃபாத்துக்குச் சாலை வந்துவிடும் என்ற பயம் எனக்கு அவ்வளவாக இல்லை. மண் அப்படி, வருடாவருடம் மழையில் சரிகிறது. பூங்கா விதிகளும் இருக்கின்றன, அங்கிருப்பவர்களிலேயே பலருக்குச் சாலை வேண்டாம். என் பயம் வேறு. சாலை வராமலே அது ஒரு காட்சி மேடையாக மாறிவிடலாம். கீழே எல்லா இரவும் பகலாக எரிய, மேலே எல்லாக் காலையும் ஹெலிகாப்டர் சுற்ற, வருகிறவர்கள் எல்லாரும் ஒரே ஐந்து இடத்தில் நின்று ஒரே படம் எடுத்துக்கொண்டு இறங்க, வளைக்குள் பறவை இல்லாத மலை அப்படியே அழகாக நிற்கலாம். பச்சையாக இருக்கும், படத்தில் வித்தியாசம் தெரியாது. ஏப்ரல் இரவில் வெளியே நின்று காது கொடுத்தால் மட்டும்தான் தெரியும்.

அப்படி ஆகாமலும் போகலாம் என்று நான் நம்பக் காரணம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பக்கத்தில் இந்தப் பறவையின் பெயர் தெரிந்தவர்கள் மிகச் சிலர். விழுந்து கிடந்தால் கோழிக்குஞ்சுக்குப் போடுகிற மாதிரி அரிசி போட்டார்கள், அது சாகும். இப்போது எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும்.

அதனால் உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன், தம்பி. ஏப்ரல் தொடங்கும் முன் ஓர் அட்டைப் பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போட்டு, அடியில் பழைய துண்டு விரித்து வாசலருகே வையுங்கள். சேன் தெனியிலும் நிறைய விழும். கண்டால் துண்டால் மூடி மெதுவாக எடுங்கள், அலகு கடிக்கும், பரவாயில்லை. தண்ணீர், சோறு எதுவும் கொடுக்காதீர்கள். மேலே தூக்கி எறிந்து பறக்கவிடவும் முயலாதீர்கள். பெட்டியில் வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் விட்டு, தீவின் பறவையியல் சங்கமான செயோருக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். தீவு முழுக்க அவர்களுக்குச் சேகரிப்பு இடங்கள் உண்டு. அவர்கள் சோதித்துப் பார்த்துக் கடலோரத்தில் விடுவார்கள். முடிந்தால் விடும்போது நீங்களும் கூடப் போங்கள், கேட்டால் பெரும்பாலும் அனுமதிப்பார்கள். சித்திரைப் பிறப்பன்று எங்கள் கோயிலுக்கும் வாருங்கள், மாமாவையும் நண்பரையும் கூட்டிக்கொண்டு. அகலுக்குத் திரி போட ஆள் எப்போதும் குறைவாகத்தான் இருக்கிறது.